ஓர் ஊர், இரண்டு பள்ளிக்கூடம், நூறு வருஷச் சண்டை!

பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பந்தயத்தில் மோதினால் என்ன ஆகும்?

குரும்பலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குரும்பலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே சில மைல் தூரந்தான். பள்ளிக்கூடங்களுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டியில் இந்த ஊர்ப் பிள்ளைகளும் அந்த ஊர்ப் பிள்ளைகளும் எதிரெதிரே நின்றுவிட்டால் போதும். கால்பந்தோ கபடியோ, ஆட்டம் எதுவானாலும் சரி, மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். மாமன் மகன் இந்தப் பக்கம். அத்தை மகன் அந்தப் பக்கம். தொண்டை கட்டும்வரை கூச்சல். தோற்ற ஊர்க்காரர் இரண்டு நாளைக்கு டீக்கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார். மூன்றாம் நாள் எல்லாம் மறந்துபோகும்.

ஆனால் மூன்றாம் நாளும் மறக்காத ஊர் ஒன்று உண்டு. முப்பது வருஷம் ஆனாலும் மறக்காது. அங்கே இரண்டு பள்ளிக்கூடங்கள் 1904-ஆம் ஆண்டிலிருந்து மோதிக்கொண்டு வருகின்றன. தாத்தா ஆடினார், அப்பா ஆடினார், பேரன் ஆடுகிறான். இன்னும் தீரவில்லை!

அது எந்த ஊர்?

வெகு தூரம் இல்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர், தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் போக வேண்டும். அங்கிருந்து கடலைத் தாண்டினால் இலங்கையின் காங்கேசன்துறை. 2023 அக்டோபர் மாதத்தில் இந்த இரண்டு துறைமுகங்களுக்கும் இடையே பயணிகள் கப்பல்கூட விட்டார்கள். காங்கேசன்துறையில் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், யாழ்ப்பாணத்துக்கு.

அந்த யாழ்ப்பாணத்தில்தான் இந்தச் சண்டை. சண்டைக்குப் பெயர் என்ன தெரியுமா? "வடக்கின் பெரும் போர்!"

பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். இது கிரிக்கெட் போர்.

கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்

மோதும் பள்ளிகள் இரண்டு. ஒன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. ஊரார் அதைச் "சென்ட்ரல்" என்பார்கள். மற்றொன்று பரியோவான் கல்லூரி. "பரி" என்றால் பரிசுத்த என்பதன் சுருக்கம். பரிசுத்த யோவான் பெயரால் அமைந்தது என்று பொருள். இதை வாய்ப் பேச்சில் "சென்ட் ஜோன்ஸ்" என்பார்கள்.

"கல்லூரி மாணவர்களா ஆடுகிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும். அங்கே உயர்நிலைப் பள்ளிகளையே கல்லூரி என்று அழைப்பது வழக்கம். நம் ஊரில் பட்டப் படிப்புக்குப் போகும் இடம் கல்லூரி. அங்கே அரை நிக்கர் போட்ட பையனும் கல்லூரிக்குத்தான் போகிறான்!

அதேபோல, கிரிக்கெட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் தமிழ்ப் பெயரும் வேறு. "துடுப்பாட்டம்" என்கிறார்கள். கிரிக்கெட் மட்டை படகு வலிக்கும் துடுப்பைப்போல இருக்கிறது அல்லவா? அதனால் வந்த பெயர். கால்பந்து அவர்களுக்கு "உதைபந்தாட்டம்". உதைக்கிற பந்துதானே, சரியான பெயர்!

இரண்டு பள்ளிகளும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. ஒரு பள்ளியிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். மத்திய கல்லூரி நகரத்தின் நடுவே, பழைய கோட்டைக்கு அருகே இருக்கிறது. பரியோவான் கல்லூரி சுண்டிக்குளியில் இருக்கிறது. ஒரே கடைத் தெருவில் காய்கறி வாங்குகிற வீட்டுப் பிள்ளைகள்தான் இரண்டு பள்ளியிலும் படிக்கிறார்கள். பகை வளர வேறு என்ன வேண்டும்?

பாதிரிமார் போட்ட விதை

இந்தப் போட்டியின் வேர் கிரிக்கெட்டில் இல்லை. அதற்கு முன்பே இருக்கிறது.

வெள்ளைக்காரன் ஆட்சி. இங்கிலாந்திலிருந்து பாதிரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். வெவ்வேறு சபையைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு சபையும் ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. மெதடிஸ்ட் சபையார் 1816-இல் தொடங்கிய பள்ளியே மத்திய கல்லூரிக்கு மூலம். ஏழு வருஷம் கழித்து, 1823-இல், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த ஜோசப் நைட் பாதிரியார் நல்லூரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது பிறகு சுண்டிக்குளிக்கு மாறியது. 1891-இல் பரியோவான் கல்லூரி என்று பெயர் பெற்றது.

பிள்ளைகளைச் சேர்ப்பதிலும் போட்டி. நல்ல ஆசிரியரைப் பிடிப்பதிலும் போட்டி. பரீட்சையில் தேறுவதிலும் போட்டி. கிரிக்கெட் கடைசியாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

மத்திய கல்லூரியின் பழைய கதையில் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். அவர் ஆறுமுக நாவலர். நல்லூரில் 1822-இல் பிறந்த நாவலர் இந்தப் பள்ளியில்தான் ஆங்கிலம் படித்தார். படித்த இடத்திலேயே ஆசிரியரும் ஆனார். அப்போது பள்ளியை நடத்தியவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். அவர் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது துணை நின்றவர் நாவலரே! திருநீறு அணிந்த சைவர் ஒருவர் பைபிளுக்குத் தமிழ் கொடுத்தார். பிறகு 1848-இல் அந்த வேலையை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்காகத் தாமே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்.

பெர்சிவல் பாதிரியார் என்ன ஆனார்? சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1855-இல் "தினவர்த்தமானி" என்ற தமிழ்ப் பத்திரிகையையும் தொடங்கினார். தமிழ்ப் பத்திரிகைகளின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

பிற்காலத்தில் இரண்டு பள்ளிக்கும் இன்னொரு வேற்றுமை வந்தது. 1960-க்குப் பிறகு இலங்கை அரசு பல பள்ளிக்கூடங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. மத்திய கல்லூரி அரசுப் பள்ளி ஆயிற்று. பரியோவான் கல்லூரி திருச்சபையின் பள்ளியாகவே நின்றது. "எங்களுடையது ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கும் பள்ளி" என்று இவர்கள் மார் தட்டினார்கள். "எங்களுடையது கட்டுக்கோப்பான பள்ளி" என்று அவர்கள் மீசை முறுக்கினார்கள். சண்டைக்கு இன்னொரு காரணம் கிடைத்தது!

மார்ச் மாதம் வந்தால்...

வருஷத்துக்கு ஒரு முறை, மார்ச் மாதத்தில், பெரும் போர் நடக்கும். இடம் மத்திய கல்லூரி மைதானம். இப்போது மூன்று நாள் ஆட்டம்.

அந்த நாள்களில் நகரத்துக்கே ஜுரம் பிடித்துக்கொள்ளும். தெருவெல்லாம் கொடி. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பள்ளியின் நிறத்தை முகத்தில் பூசிக்கொள்வார்கள். வாத்தியம் முழங்கும். வாத்தியம் இல்லாதவன் தகரத்தைத் தட்டுவான்.

மைதானத்துக்குள் நரைத்த தலைகளும் நிறைய இருக்கும். பழைய மாணவர்கள்! வங்கி மேலாளர், டாக்டர், வக்கீல், மளிகைக் கடைக்காரர், எல்லாரும் அன்றைக்குப் பையன்கள்தான். வீட்டில் குரல் உயர்த்தாத மனிதர் அங்கே வேலி மேல் ஏறி நின்று கத்துவார். லண்டனிலும் டொரான்டோவிலும் மெல்பர்னிலும் குடியேறிவிட்டவர்கள் இந்த மார்ச் மாதத்தைக் கணக்குப் பண்ணி விடுமுறை எடுத்துக்கொண்டு வருவதும் உண்டு. அப்பாவுக்குத் திவசமா, ஆட்டமா என்று கேட்டால் இரண்டுக்கும் சேர்த்து வந்தேன் என்பார்கள்!

வீட்டுக்குள்ளும் கட்சி பிரியும். அப்பா பரியோவான், தாய்மாமன் மத்திய கல்லூரி என்றால் அந்த மூன்று நாளும் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வார்த்தை குறைவாகவே இருக்கும். பெண் பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. 1838-இல் தொடங்கிய வேம்படி மகளிர் பள்ளி மெதடிஸ்ட் சபையாரால் ஏற்பட்டது. ஆகவே வேம்படிப் பெண்கள் மத்திய கல்லூரியின் பக்கம். 1896-இல் ஏற்பட்ட சுண்டிக்குளி மகளிர் கல்லூரி பரியோவானுக்குத் தங்கை. ஆகவே அந்தப் பெண்கள் அந்தப் பக்கம். அண்ணன் ஒரு பள்ளி, தங்கை எதிர்ப் பள்ளியின் தங்கைப் பள்ளி என்று அமைந்துவிட்ட வீடுகளின் பாட்டைச் சொல்லி முடியாது.

"நீர் எந்தப் பள்ளிக்கூடம், தம்பி?" என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கேட்டால், யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்!

எல்லை மீறுவதும் நடக்கிறது. கைகலப்பு நேர்ந்ததும் உண்டு. காவல்துறையினர் வேலி ஓரமாக நிற்பது ஆட்டம் பார்ப்பதற்காக மட்டும் அல்ல.

ஜெயித்தது யார்?

மூன்று நாள் ஆடி, கடைசியில் யார் ஜெயிப்பார்கள்? பல வருஷங்களில் ஒருவரும் ஜெயிப்பதில்லை!

இது ஓவர்களை எண்ணி ஒரே நாளில் முடிக்கும் ஆட்டம் அல்ல. ஒவ்வொரு கட்சியும் இரண்டு தடவை மட்டை பிடிக்கலாம். ஜெயிக்க வேண்டுமானால் அதிக ரன் எடுத்தால் மட்டும் போதாது. எதிர்க்கட்சியைக் கடைசி ஆள்வரை வீழ்த்தவும் வேண்டும். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

அதனால், தோற்கப் போகிறோம் என்று தெரிந்த கட்சி என்ன செய்யும்? கட்டையைப் போட்டு நிற்கும். பதினாறு வயதுப் பையன் ஒருவன், ரன்னே எடுக்காமல், வருகிற பந்தையெல்லாம் தரையோடு தட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பான். சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் ஊளையிடுவார்கள். அவன் அசைய மாட்டான். சூரியன் இறங்கும். நடுவர் ஆட்டத்தை முடிப்பார். அந்தப் பையனை அவன் பள்ளிக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். நூறு ரன் எடுத்தவனுக்குக்கூட அந்த மரியாதை கிடைக்காது.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. "மூன்று நாள் வெயிலில் காய்ந்து, முடிவே இல்லையா?" என்பார். யாழ்ப்பாணத்தார் சிரிப்பார்கள்.

மற்ற ஊர்களில்

பள்ளிக்கூடப் பகை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் சொந்தம் அல்ல.

கொழும்பில் ராயல் கல்லூரியும் சென்ட் தாமஸ் கல்லூரியும் 1879 முதல் மோதுகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1885-இல் ராயல் பிள்ளைகள் வெறும் 9 ரன்னுக்குச் சுருண்டார்கள். மறுநாள் அவர்கள் ஆட வரவில்லை. "ஆகவே நாங்களே ஜெயித்தோம்" என்கிறது ஒரு பள்ளி. "ஆட்டம் முடியவே இல்லையே, அது எப்படி வெற்றி?" என்கிறது மற்றது. இரண்டு பள்ளியும் இரண்டு கணக்கு வைத்திருக்கின்றன. நூற்று நாற்பது வருஷமாக வழக்குத் தீரவில்லை!

அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்தில், மாசிலான், கேன்டன் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நடுவே சுமார் எட்டு மைல். இரண்டு ஊர் உயர்நிலைப் பள்ளிகளும் 1894 முதல் கால்பந்தில் மோதுகின்றன. அமெரிக்கக் கால்பந்து என்பது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரி பிடித்துத் தள்ள வேண்டும். கொஞ்சம் கபடி, கொஞ்சம் மல்யுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். மாசிலானில் ஆண் குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரித் தொட்டிலிலேயே ஒரு சின்னப் பந்தை வைத்துவிடுவது நெடுநாளைய வழக்கமாக இருந்தது. நம் ஊரில் சேனை வைப்பதுபோல!

யாழ்ப்பாணத்திலேயே வேறு போர்களும் இருக்கின்றன. சென்ட் பற்றிக்ஸ் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுவது "பொன் அணிகளின் போர்". யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் கொக்குவில் இந்துக் கல்லூரியும் மோதுவது "இந்துக்களின் போர்". எல்லாம் போர்தான்! எதற்கெடுத்தாலும் போர் என்று பெயர் வைத்த ஊருக்கு, உண்மையான போரும் வந்தது.

உண்மையான போர்

1981 மே 31-ஆம் தேதி இரவு கலவரம் மூண்டது. யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97 ஆயிரம் புத்தகங்கள் சாம்பலாயின. அந்த நூலகம் மத்திய கல்லூரிக்கு அருகிலேயே இருக்கிறது. பந்தை ஓங்கி அடித்தால் எட்டிவிடுமோ என்று பிள்ளைகள் பேசிக்கொள்ளும் தூரம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கும் துப்பாக்கி. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை வீடு திரும்பும்வரை தாய்மார் வாசலிலேயே நின்றார்கள்.

1985 ஜூன் மாதம். அரசுக்கும் ஆயுதம் ஏந்திய இயக்கங்களுக்கும் இடையே போர் நிறுத்தம் வந்திருந்தது. அடுத்த மாதம் திம்பு நகரில் பேச்சு நடப்பதாக ஏற்பாடு. அப்போது பரியோவான் கல்லூரியின் அதிபராக இருந்தவர் சி. ஈ. ஆனந்தராஜன். அதிபர் என்றால் அங்கே தலைமை ஆசிரியர். ராணுவத்தாருக்கும் மாணவர்களுக்கும் இடையே ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. அந்த ஏற்பாட்டில் அவருக்கும் பங்கு இருந்தது. சண்டை ஓய்ந்திருக்கும் வேளையில் ஓர் ஆட்டம். அவ்வளவுதான்.

ஜூன் 26-ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பழி விடுதலைப் புலிகள் மீது விழுந்தது. எதிரியோடு விளையாடியதே அவர் செய்த குற்றமாகப் பேசப்பட்டது.

மைதானத்தில் எண்பது வருஷமாக எதிரியோடு விளையாடக் கற்றுக்கொடுத்த பள்ளி அது. தலைமை ஆசிரியர் போய்விட்டார். பிள்ளைகள் சவப்பெட்டியின் பின்னால் நடந்தார்கள்.

அதற்குப் பிறகு நல்ல காலம் வர வெகு நாள் ஆயிற்று. 1987-இல் இந்தியப் படை வந்தது; 1990-இல் திரும்பியது. அதே 1990-இல் கோட்டைக்குள் இருந்த ராணுவத்தைப் புலிகள் மாதக் கணக்கில் முற்றுகையிட்டார்கள். கோட்டையைச் சுற்றிக் குண்டு மழை. கோட்டைக்கு அருகே எது இருந்தது? மத்திய கல்லூரியும் அதன் மைதானமுந்தான்.

போர் நடந்த வருஷங்களில் பெரும் போர் தடைப்பட்டதும் உண்டு. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பு. நல்ல பந்து வாங்க வேண்டுமானாலும் கொழும்பிலிருந்து வர வேண்டும். வழியெல்லாம் சோதனைச் சாவடி.

1995 அக்டோபர் 30-ஆம் தேதி இரவு யாழ்ப்பாண நகரமே காலியானது. ராணுவம் நெருங்கி வந்தது. லட்சக்கணக்கான மக்கள், கிழவர்களும் கைக்குழந்தைகளும், மழையில் நனைந்தபடி ஒரே சாலையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். மத்திய கல்லூரிக் குடும்பமும் நடந்தது. பரியோவான் குடும்பமும் நடந்தது. யார் எந்தப் பள்ளி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அடுத்த மார்ச் மாதம் வந்தபோது ஊரில் ஆள் இல்லை. ஆட்டம் ஏது? 1996 சித்திரை, வைகாசியில்தான் மக்கள் கூட்டமாகத் திரும்பினார்கள். கூரை போன வீடுகள், கதவு போன பள்ளிக்கூடங்கள்.

மறுபடியும் பந்து உருண்டது

திரும்பி வந்தவர்கள் முதலில் வீட்டைக் கூட்டினார்கள். பிறகு பள்ளியைத் திறந்தார்கள். அப்புறம் என்ன? மைதானத்தில் புல்லைச் செதுக்கினார்கள்!

ஒரு பள்ளி மட்டும் தலையெடுத்தால் போதாது. எதிரியும் தலையெடுக்க வேண்டும். எதிரி இல்லாமல் யாரோடு ஆடுவது? ஆகவே மத்திய கல்லூரிக்காரர்கள் பரியோவான் கல்லூரியில் ஆட்கள் சேர்கிறார்களா என்று விசாரித்தார்கள். பரியோவான்காரர்கள் மத்திய கல்லூரி மைதானம் தயாராகிவிட்டதா என்று பார்த்தார்கள். சண்டை போடுவதற்காக ஒருவருக்கொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. சாலை திறந்தது. கடல் கடந்து போயிருந்த பழைய மாணவர்கள் பிள்ளை குட்டிகளோடு வந்தார்கள். இங்கிலீஷ் மட்டுமே பேசும் பேரப் பிள்ளைக்கு, "இதுதான் நான் ஆட்டம் இழந்த இடம்" என்று தாத்தா காட்டினார். 2015-இல் நடந்தது 109-ஆவது பெரும் போர். 2024-இல் நடந்தது 117-ஆவது.

இந்த மைதானத்துப் பையன் ஒருவன் கதையையும் சொல்ல வேண்டும். பெயர் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2001 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மத்திய கல்லூரி மாணவர். பந்தைச் சுழற்றி வீசுவதில் கெட்டிக்காரர். பெரும் போரில் பரியோவான் கட்சியைத் திணறடித்தவர்.

2020 டிசம்பர் 4-ஆம் தேதி, லங்கா பிரிமியர் லீக் போட்டியில் யாழ்ப்பாண அணிக்காகக் களம் இறங்கினார். மறுநாள் அவருக்குப் பத்தொன்பதாவது பிறந்த நாள். அன்றைக்கு அவர் வீழ்த்திய முதல் ஆள் யார் தெரியுமா? இலங்கை அணியின் முன்னாள் தலைவர் ஏஞ்சலோ மேத்யூஸ்! 2023-இல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இலங்கைக்காக ஆடினார். 2024 மே மாதத்தில் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்காக ஆடினார். தமிழ்நாட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களும் அந்தப் பெயரைக் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். மத்திய கல்லூரிக்காரர்கள் வெடி போட்டு மகிழ்ந்தார்கள். பரியோவான்காரர்களும் கை தட்டினார்கள். "நல்ல பையன். ஆனால் தப்பான பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான்!" என்று முணுமுணுத்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

மார்ச் மாதத்து மூன்றாம் நாள் மாலை மைதானத்தில் கூட்டம் கலையும். கோட்டைச் சுவர் மேல் வெயில் மங்கும். கொடிகளைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகள் சைக்கிளில் ஏறுவார்கள். மைதானப் பணியாள் விக்கெட் குச்சிகளைப் பிடுங்கி எடுப்பார். வாசலில் ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடம் இரண்டு பள்ளிப் பையன்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இந்தப் பையனிடம் சில்லறை இல்லை. பக்கத்தில் நிற்கிற எதிர்ப் பள்ளிப் பையன் சேர்த்துக் கொடுக்கிறான்.

"அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளுறன்" என்கிறான் கடன்பட்டவன். அவன் சொன்னது சில்லறையையா, ஆட்டத்தையா என்று மற்றவன் கேட்கவில்லை.